31ஆம் திகதியும் மச்சாளின் அடுப்பும்

கார்த்திகை விளக்கீடு முடிந்து பிள்ளையார் பெருங்கதையும் தொடங்கிவிட்டது என்றால், கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் யாழ்ப்பாணத்துப் பெண்களிடம் காணுகிற எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "எப்ப ஊருக்கு?" கேட்பவர்கள் அன்பாகத்தான் கேட்கிறார்கள். பதில் சொல்கிறவளுக்குத்தான் தெரியும் அதற்குள் எத்தனை கணக்கு என்று. லீவு எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது, புகையிரதத்தில் ஆசனம் கிடைக்குமா, பிள்ளைகளின் பாடசாலை எப்போது விடும், மேலதிகாரி கையொப்பம் வைப்பாரா? இவ்வளவையும் சரிக்கட்டிக்கொண்டு பையைத் தூக்கினால் விடயம் முடிந்தது என்றுதான் எங்களில் பலரும் எண்ணுகிறோம். இந்த மாதம் நான் எழுத விரும்புவது அந்தக் கணக்கில் யாரும் சேர்க்காத ஒருத்தியைப் பற்றி.

முதலில் எங்கள் பக்கத்துக் கஷ்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எங்களுக்கும் வங்கிகளுக்கும் டிசெம்பர் 31தான் கணக்கு முடிவு நாள். கடைசி இரண்டு கிழமையும் மேசையை விட்டு எழும்ப முடியாது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் எங்களைப் போன்றவர்களுக்கு ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமய லீவும் தருகிறது. அரச ஊழியர்களுக்கு 24 நாள் ஓய்வு லீவு, 21 நாள் அமய லீவு. அமய லீவை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே காரியாலயத்துக்கு ஆள் மிகவும் தேவைப்படுகிற அந்த மாதத்தில்தான் எல்லோரும் மிச்ச லீவை எடுத்து முடிக்கப் பார்ப்பார்கள். மேலதிகாரிகளைச் சும்மா குறை சொல்வதிலும் பயனில்லை, பாருங்கள்.

இந்த 31ஆம் திகதி எல்லா நாட்டிலும் இப்படி வருவதில்லை. இந்தியாவில் அரசாங்கத்தின் கணக்கு மார்ச் 31இல் முடிகிறது. அங்கே கணக்குக் கிளையில் இருக்கிற பெண்ணுக்குப் பங்குனி மாதம்தான் பாடு. தைப்பொங்கலுக்கு நிம்மதியாக ஊர் போகலாம். இலங்கையிலும் முன்பு நிதியாண்டு ஒக்டோபரில் தொடங்கி செப்டெம்பரில் முடிந்தது. 1970களின் தொடக்கத்தில்தான் அது நாட்காட்டி ஆண்டுக்கு மாறியது. அன்று அதை மாற்றியவர்கள் திருவெம்பாவையை நினைத்திருக்க நியாயமில்லை.

கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்கள் சித்திரையில் வீடு போவார்கள். கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் மலையகப் பெண்கள் தீபாவளிக்குப் போவார்கள். எங்களுக்கோ மார்கழி. அதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய காலத்தில் கொழும்பிலிருந்து லீவில் வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். எழுதுவினைஞர், தபாலதிபர், புகையிரத நிலைய அதிபர் என்று உத்தியோகம் அங்கே, குடும்பம் இங்கே. மாதாமாதம் வரும் காசுக்கட்டளையில் ஊர் ஓடியதால் அதை மணியோடர் பொருளாதாரம் என்பார்கள். லீவில் வருகிற அந்த மனிதர் தன் வீட்டிலேயே விருந்தாளி. சாய்மனைக் கதிரையும் பத்திரிகையும் அவருக்கு. அடுப்படிக்குள் அவர் வருவார் என்று யாரும் எதிர்பார்த்ததில்லை. இப்போது லீவில் வருகிறவர்களில் பெண்களும் சரிபாதி இருப்போம். வந்தவள் விருந்தாளியா, வீட்டுப் பிள்ளையா என்பதை எங்கள் வீடுகள் இன்னும் தீர்மானிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் வீடு சண்டிலிப்பாயில், கல்வளைப் பிள்ளையார் கோயில் மணி கேட்கிற தூரத்தில். நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் அந்தாதி பாடிய பிள்ளையார் இவர்தான் என்று அப்பா வருகிற எல்லோருக்கும் சொல்வார். அப்பா இப்போது இல்லை. அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. நீரிழிவும் முழங்கால் நோவும். தம்பி குடும்பம்தான் அம்மாவோடு இருக்கிறது.

அம்மாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வருசம் பிறக்கும்போது பிள்ளைகள் எல்லோரும் வீட்டில் நிற்க வேண்டும். அந்தப் பிடிவாதத்தின் காரணம் எனக்குத் தெரியும். 1990இல் யாழ்தேவி நின்றது. 2002இல் ஏ9 வீதி திறந்தபோது ஊருக்கு வந்துபோவது எங்களுக்குக் கனவு போல் இருந்தது. 2006 ஓகஸ்ட் 11இல் மறுபடி சண்டை தொடங்க, அந்த வீதி மூடப்பட்டது. விமானத்தில் என்றாலும் கப்பலில் என்றாலும் பாதுகாப்பு அனுமதி எடுத்துக் காத்துக்கிடக்க வேண்டும். அந்த மார்கழியில் ஊரில் அரிசிக்கும் சீனிக்கும் வரிசை. கொழும்பில் எங்களுக்கு ஊர் என்பது தொலைபேசியில் கேட்கிற அம்மாவின் குரல் மட்டும். அடுத்த இரண்டு மார்கழியும் அப்படியே போயின. பிறகு போர் முடிந்து வீதி திறந்து, 2014 ஒக்டோபர் 13இல் புகையிரதமும் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. விடுபட்ட மார்கழிகளை அம்மா இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறா.

இனி மச்சாளின் கதைக்கு வருகிறேன். தம்பியின் மனைவி, ஊருக்குக் கிட்ட ஓர் அரச அலுவலகத்தில் கணக்குக் கிளையில் வேலை. அரச அலுவலகம் எதுவாக இருந்தாலும் டிசெம்பரில் கணக்குக் கிளை ஒரே மாதிரித்தான். அந்த ஆண்டுக்கு ஒதுக்கிய பணம் 31ஆம் திகதியோடு காலாவதியாகிவிடும். செலவழியாதது திறைசேரிக்குத்தான். வருடம் முழுக்க ஆறுதலாக நடந்த வீதி வேலையும் மதகு வேலையும் மாரி மழைக்குள் அவசரமாக முடிய, ஒப்பந்தகாரர்கள் பற்றுச்சீட்டுகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒன்றில் அளவு பிழை, ஒன்றில் கையொப்பம் இல்லை. திருப்பி அனுப்பினால் அந்த ஊருக்கு வந்த காசு போய்விடும். அப்படியே விட்டால் நாளைக்குக் கணக்காய்வு கேள்வி கேட்கும். மச்சாள் வீடு வர இரவு எட்டு மணியாகும், சில நாட்களில் ஒன்பது.

அதாவது நான் கொழும்பில் எதைச் சமாளித்து, எப்படியோ லீவு எடுத்துக்கொண்டு ஊர் வருகிறேனோ, அதே 31ஆம் திகதி அந்த வீட்டுக்குள்ளும் இருக்கிறது.

2023 மார்கழியைச் சொல்கிறேன். அந்த வருடம் திருவாதிரை டிசெம்பர் 27இல் வந்தது. கனடாவிலிருந்து அக்கா குடும்பமும் வந்திருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பாடசாலை லீவு அப்போதுதானே. வீட்டில் புதிதாக எட்டுப் பேர். திருவெம்பாவைக்குச் சங்கும் சேமக்கலமும் ஊரை எழுப்புவதற்கு முன்னமே மச்சாள் எழும்பிவிடுவார். பிட்டு அவித்து, அம்மாவுக்குச் சீனியில்லாத தேநீர் வைத்து, மத்தியானச் சமையலையும் பாதி முடித்துவிட்டுக் குளித்து ஏழே முக்காலுக்கு ஸ்கூட்டியில் போவார். மாரியில் துவாய் காயாது. எட்டுப் பேரின் எட்டுத் துவாயும் விறாந்தைக் கொடியில் ஈரமாகத் தொங்கும். மார்கழியில் எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. கனடாப் பிள்ளைகள் மூன்றாம் நாளே மரக்கறிக்கு முகத்தைச் சுளிக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த மாதம் யாழ்ப்பாணத்தில் டெங்கும் கடுமையாக இருந்தபடியால், வளவில் கிடந்த சிரட்டை, வாளி, பூச்சாடியெல்லாம் கவிழ்க்கிற வேலையும் சேர்ந்தது.

நீங்கள் இருந்து பார்த்துக்கொண்டா இருந்தீர்கள் என்று வாசகியர் கேட்பது காதில் விழுகிறது. அக்காவும் நானும் அடுப்படிக்குப் போனால் அம்மா விடமாட்டா. "நீ பத்து நாள் நிக்க வந்தனீ, பிள்ளை. அங்கை முழுக்க ஓடுறனீ தானே. இரு." எங்கள் தாய்மார் எல்லோருடைய அன்பும் இந்த மாதிரித்தான். மகள் இருக்க வேண்டும் என்ற அந்த ஆசையை நிறைவேற்றுவது மருமகளின் இரண்டு கைகள். அம்மா கெட்ட மாமி அல்ல. மருமகளைப் பற்றி ஊரில் ஒரு குறை சொன்னதில்லை. ஆனால் மச்சாள் இரவு எட்டரைக்கு ஹெல்மெற்றைக் கழற்ற முன்னமே, "வந்திட்டீரோ, பிள்ளையள் பசியோட இருக்குதுகள்" என்று சொன்னதும் அதே அம்மாதான்.

தம்பி ஆசிரியர். டிசெம்பரில் அவருக்கு லீவு இருந்தது. புகையிரத நிலையத்துக்குப் போய் எங்களை ஏற்றி வந்தார், தேங்காய் பிடுங்குவித்தார், சங்கானைச் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கி வந்தார். அத்தோடு தன் பங்கு முடிந்தது என்று உண்மையாகவே நம்பினார். 2017இல் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் இலங்கையில் நேரப் பயன்பாடு பற்றி ஓர் ஆய்வு நடத்தியது. வீட்டில் சம்பளமில்லாத வேலைக்குப் பெண்கள் செலவிடும் நேரம் ஆண்களினதைவிட மிகவும் அதிகம் என்று அதில் வந்தது. அதைக் கண்டுபிடிக்க ஆய்வு எதற்கு என்று மச்சாள் சிரித்தார்.

அடுத்த வருடம், 2024 நவம்பரில், மச்சாள் எனக்குத் தொலைபேசி எடுத்தார். வழக்கமாக அம்மாவின் பக்கத்தில் இருந்துதான் எடுப்பார். அன்று கந்தோரிலிருந்து.

"மச்சாள், ஒண்டு கேட்டால் கோவிக்க மாட்டியளோ?"

"என்னெண்டு சொல்லும்."

"இந்த முறை நீங்கள் வருசம் பிறந்து நாலைஞ்சு நாளாலை வந்தால் எனக்கு ஆறுதலாய் இருக்கும். கணக்கு முடிஞ்சிடும். லீவும் போடுவன். போன முறை நீங்கள் வந்து நிண்டும் உங்களோட இருந்து ஒரு கதை கதைக்கேல்லை."

அவர் இதைக் கேட்கப் பதினொரு வருடம் எடுத்திருக்கிறது. கலியாணம் முடித்து வந்து பதினொரு மார்கழி. எனக்கு அதில் கோபிக்க ஒன்றும் இருக்கவில்லை. எனக்கும் 31ஆம் திகதி மேசையை விட்டு ஓடாமல் இருக்கலாம் என்ற ஆறுதல்தான் முதலில் வந்தது. ஆனால் விடயம் தம்பி வாயால் அம்மாவின் காதுக்குப் போய்விட்டது. இரண்டு நாள் அம்மா மருமகளோடு கதைக்கவில்லை. என்னோடு கதைத்தபோது குரல் வேறாக இருந்தது.

"என்ரை பிள்ளை வாறதுக்கு இந்த வீட்டிலை ஆரும் நாள் குறிக்கிறதோ?"

"நாள் குறிச்சது நான் அம்மா. எனக்கும் கந்தோர் இருக்குத்தானே. பொங்கலுக்கு வாறன். வந்து நாலு நாள் நிப்பன்."

"அந்த மூண்டு வருசமும் உப்பிடித்தான். வருசத்துக்கு ஒருத்தரும் இல்லை."

இதற்கு என்ன பதில் சொல்வது? அந்த வருடங்களில் வீதி மூடிக் கிடந்தது. இப்போது திறந்து கிடக்கிறது. அம்மாவின் மனதில் இரண்டும் ஒரே வெறுமைதான். நான் நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு கதைத்தேன். திருவாதிரை இந்த முறை ஜனவரி 13. அன்று திங்கள், போயா. அடுத்த நாள் செவ்வாய், தைப்பொங்கல். சனி, ஞாயிறோடு சேர்த்தால் ஒரு நாள் லீவும் போடாமல் நாலு நாள். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப திருவாதிரைக்கும் நிப்பியோ?" என்று கேட்டா. அவ்வளவுதான். சம்மதம் என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு வெள்ளவத்தையில் பேருந்து ஏறி, விடியச் சண்டிலிப்பாயில் இறங்கினேன். மழை குறைந்திருந்தது. வயலில் நெல் பழுக்கத் தொடங்கியிருந்தது. மச்சாள் லீவில் வீட்டில் நின்றார். முகத்தில் நித்திரை கொண்ட களை தெரிந்தது. அடுப்படியில் இரண்டு பேரும் சேர்ந்து மோதகத்துக்குப் பயறு அவித்தோம். அம்மா ஒருதரம் வந்து பார்த்து, "நீ ஏன் பிள்ளை" என்று தொடங்கினா. "மாமி, மச்சாளுக்கு மோதகம் பிடிக்கத் தெரியுமோ எண்டு பாக்கிறன்" என்று மச்சாள் சொல்ல, அம்மா சிரித்துக்கொண்டு போய்விட்டா.

அந்த நாலு நாளில்தான் அம்மாவின் கிளினிக் கொப்பியை நான் முதல்முறையாக முழுவதும் பார்த்தேன். மார்கழியில் வந்து பத்து நாள் நின்ற காலங்களில், கொப்பியை எடுத்து வைத்துக் கதைக்க யாருக்கும் பத்து நிமிடம் கிடைத்ததில்லை. மச்சாள் ஒவ்வொரு மாதத்துச் சீனி அளவையும் காட்டினார். இரவுக் குளிசையை அம்மா சில மாதங்களாக விட்டுவிட்டா என்று அவருக்குச் சந்தேகம். குளிசை போட்டால் விடியத் தலை சுற்றுகிறது என்று அம்மா மருமகளிடம் சொல்ல வெட்கப்பட்டு, மகளிடம் சொல்லிக் கவலைப்படுத்த விரும்பாமல், பேசாமல் நிறுத்தியிருக்கிறா. செவ்வாய் பொங்கல் முடிந்து நான் திரும்ப வேண்டும். மச்சாள் லீவை ஒரு நாள் நீட்டி, புதன்கிழமை அம்மாவை மருத்துவரிடம் கூட்டிப்போனார். அளவை மாற்றிக் கொடுத்தார்கள். தலைச்சுற்று நின்றது.

இதைப் படிக்கும் சகோதரிகள் சிலருக்கு, எங்கள் வீட்டில் இந்தப் பேச்சை எடுக்கவே முடியாது என்று தோன்றலாம். உண்மைதான், எல்லா வீடும் ஒன்றல்ல. ஆனால் போகிறவள் ஒரு கேள்வியை முதலில் கேட்கலாம். 'நான் எப்போது வரலாம்' என்று அம்மாவிடம் கேட்டால், 'எப்பவும் வா' என்றுதான் சொல்வா. அதே கேள்வியை அடுப்படியில் நிற்கிறவரிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு நத்தார் லீவை விட்டால் வேறு நாள் கிடைக்காது, அது விளங்குகிறது. வருகிற கிழமையில் சமைப்பதற்கு ஊரில் ஒரு அம்மாவைக் கூலிக்கு ஒழுங்கு செய்யலாம். விமானச் சீட்டின் விலையோடு பார்த்தால் அது பெரிய காசல்ல. மூன்று நேரத்தில் ஒரு நேரமாவது மணிப்பாயிலோ சங்கானையிலோ வாங்கிச் சாப்பிடலாம். "கடைச் சாப்பாடோ" என்று அம்மாமார் கேட்பார்கள். கேட்கட்டும்.

கந்தோரிலும் இதில் ஒரு நன்மை கிடைத்தது. எங்கள் பிரிவில் நீர்கொழும்புக் கத்தோலிக்கப் பெண் ஒருவர் இருக்கிறார். வருடாவருடம் நத்தாருக்கு லீவு கேட்பதில் அவருக்கும் எனக்கும் இழுபறி. இப்போது 24, 25, 26 அவருக்கு, பொங்கல் எனக்கு. இரண்டு பேரும் சேர்ந்து ஒரே கடிதத்தில் ஒக்டோபரிலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். மேலதிகாரி ஒரு சொல்லும் சொல்லாமல் கையொப்பம் வைக்கிறார்.

இந்த ஏற்பாடு எல்லா வருடமும் இவ்வளவு வசதியாக அமையாது. 2025இல் அமையவில்லை. அந்த நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து நாட்டையே புரட்டிப் போட்டது. புகையிரதப் பாதைகள் பல இடத்தில் உடைந்தன. வருட முடிவுக் கணக்கோடு வெள்ள நிவாரணக் கொடுப்பனவு வேலையும் அரச அலுவலகங்களின் தலையில் விழுந்தது. திருவாதிரை ஜனவரி 3 என்பதால் கணக்கு முடிகிற கிழமை முழுவதும் திருவெம்பாவைக்குள் அடங்கியது. நான் அந்த விரத நாட்களில் வீட்டில் நிற்கவில்லை. அம்மாதான் எனக்குத் தொலைபேசி எடுத்தா.

"பிள்ளை, இவள் ராத்திரியும் பத்து மணிக்குத்தான் வந்தவள். சோறும் தின்னாமல் படுத்திட்டாள். நீ ஆறுதலாய் வா. கொக்காவுக்கும் சொல்லு."

அக்காவுக்குச் சொன்னேன். அவ ஏற்கெனவே சீட்டு எடுத்துவிட்டா. டிசெம்பர் 24இல் வந்து இறங்கினார்கள். ஆனால் இம்முறை விடியற்காலையில் தேங்காய் துருவியது அத்தான். திருவலையில் குந்தியிருந்த மருமகனைக் கண்டு அம்மாவுக்கு வந்த அதிர்ச்சியை வட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பினார்கள். தம்பியும் வெட்கத்துக்குக் கறிக்கு வெங்காயம் உரித்ததாகக் கேள்வி.

நான் 2026 ஜனவரி 15 பொங்கலுக்குப் போனேன். வியாழக்கிழமை. வெள்ளி ஒரு நாள் லீவு போட நாலு நாள் கிடைத்தது. மச்சாளுக்கு அந்த வெள்ளி லீவு கிடைக்கவில்லை. வருடம் முடிந்ததும் அலுவலகத்துக் கதிரை மேசைகளை எண்ணிப் பதிகிற பொருட் கணக்கெடுப்பு நடக்கும், அந்தக் குழுவில் இவரையும் போட்டிருந்தார்கள். "கதிரை எண்ணுற வேலைதானே மச்சாள், நாலரைக்கு வந்திடுவன்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தார். மத்தியானச் சமையலை நான் பார்த்தேன். அம்மா அடுப்படி வாசலில் கதிரையைப் போட்டு இருந்து, உப்புக் காணாது என்றா.